இரண்டாவது வாளி

"ஒண்டு மட்டும் நீங்கள் என்னட்டக் கேட்கக்கூடாது. மோட்டார் சைக்கிளை விடச் சொல்லி."

"கேட்கமாட்டன். ஆனா பின்னால ஏறச் சொல்லி நீரும் கேட்கக்கூடாது."

லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு சாப்பாட்டுக்கடையில், பெண் பார்க்க வந்த அன்று, இரண்டு வீட்டாரும் அடுத்த மேசையில் கொத்துரொட்டிக்குக் காத்திருந்தபோது பேசிக்கொண்டது.

"ஆம்பிளைக்கு வெக்கமோ?" என்று கிளறிற்றா சிரித்தாள்.

"ஓம், வெக்கம்தான்" என்றான் டிலுக்சன். பயம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

ஆறு வருடமாகிறது. இருவரும் சொன்ன சொல்லை மீறவில்லை.

கேட்க முடியாததால் அவன் அவளுடைய மோட்டார் சைக்கிளைக் கழுவினான். மாதத்தின் முதல் ஞாயிறு, லண்டனின் மிச்சம் பகுதியில் அவர்கள் வீட்டு முன்வாசலில், இரண்டு வாளிகளோடு. முதல் வாளியில் நுரை. இரண்டாவதில் வெறும் தண்ணீர், துணியில் ஏறிய அழுக்கை அலச. அலசாத துணியில் ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் பெயின்றில் கோடு விழுந்துவிடும்.

பிறகு மெல்லிய துணியால் ஈரம் ஒற்றி, விரல் நுனியில் மெழுகு எடுத்து, வட்டம் வட்டமாகத் தேய்ப்பான். வண்டிமேல் எவ்வளவு ஆசை என்று தெருவில் போகிறவர்கள் நினைத்தார்கள்.

அவன் கீறல் தேடிக்கொண்டிருந்தான்.

கீறல் இல்லையென்றால், அந்த மாதம் அவள் விழவில்லை.

இன்றைக்கு மெழுகுக்கு முன்பே, நுரை தேய்க்கும்போதே விரல் ஓரிடத்தில் தடக்கியது. வண்டியின் இடப்பக்கத் தகட்டின் கீழ் ஓரம். நகம் அளவு தடிப்பு. குனிந்து பார்த்தான். வண்டியும் சிவப்பு, தடிப்பும் சிவப்பு. ஆனால் இது வண்டியின் சிவப்பு அல்ல. தன் தங்கை றஜீனாவின் கல்யாணத்துக்குக் கிளறிற்றா வாங்கிய நகப்பூச்சு.



விழுந்திருக்கிறாள். விழுந்து, எழும்பி, நகப்பூச்சுப் பூசி மறைத்திருக்கிறாள். இன்றைக்குக் கேட்டே விடுவது என்று முடிவெடுத்தான். சொன்ன சொல் போனால் போகட்டும்.

"முடிஞ்சுதே?"

கிளறிற்றா வாசலில் நின்றாள். ஜாக்கெட், கையுறை, பூட்ஸ். கையில் ஹெல்மெட். ஆஸ்பத்திரியில் யாரோ வராததால் ஞாயிறென்றும் பாராமல் மத்தியான ஷிப்ட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"இன்னும் இல்லை."

"ஆறுதலாச் செய்யுங்கோ. அவசரமில்லை."

மற்ற நாட்களில் அவசரப்படுத்துகிறவள் அவள்தான்.

துணியை இரண்டாவது வாளியில் தோய்த்துப் பிழிந்தான். பேச்சைத் தொடங்க வாயெடுத்தபோதுதான் கவனித்தான்.

தண்ணீர் தெளிவாக இருந்தது.

வாளியின் அடி தெரிந்தது. வழக்கமாக இந்நேரம் பிரேக் கரியும் தெருச் சேறும் சேர்ந்து தேத்தண்ணி நிறத்துக்கு வந்திருக்கும். டயரோடு சில்லைத் துடைத்தான். சங்கிலிக்குப் பக்கத்தில் துடைத்தான். மறுபடி அலசினான். மெல்லிய தூசி மட்டும் மிதந்தது.

அவள் விடிய ஆறுமணிக்குப் போகும்போது அவன் நித்திரை. பெற்றோல் கடையில் வேலை முடிந்து இரவு பத்தரைக்கு அவன் திரும்பும்போது வண்டி உறைக்குள் நிற்கும். அண்மையில் விடியற்காலையில் எஞ்சின் சத்தமே கேட்பதில்லை. உங்களை எழுப்பக்கூடாது எண்டு தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போறன் என்று சொல்லியிருந்தாள். அந்த அன்பை நினைத்து அவன் சிரித்துக்கொண்டே திரும்பிப் படுத்த நாட்களும் உண்டு.

"தண்ணி கறுக்கேல்லை" என்றான்.

அவள் வாளியைப் பார்த்தாள்.

"ட்ராம் தண்டவாளம். மழை ஈரம், சில்லு வழுக்கிப்போட்டுது. எனக்கொண்டுமில்லை, முழங்காலில சின்னக் காயம்." குரல் தாழ்ந்தது. "அதுக்குப் பிறகு ஓட ஏலாமக் கிடக்கு. சாவியைப் போட்டாலே கை நடுங்குது."

"எத்தினை நாளா?"

"மூண்டு கிழமை. விழுந்த அண்டைக்கே சேத்தைக் கழுவிப்போட்டன். வண்டியை முனையில நிப்பாட்டிப்போட்டு பஸ்ஸிலதான் போய் வாறன்."

பக்கத்துத் தெருவில் ட்ராம் மணி அடித்துக்கொண்டு போனது. அவள் தோள் ஒருமுறை துடித்து அடங்கியதை அவன் கண்டான்.

ஆறு வருடமாக விழுங்கி வைத்திருந்த சொல் நுனிநாக்கில் நின்றது. மோட்டார் சைக்கிளை விட்டிடும். அவ்வளவுதான். இன்றைக்குச் சொன்னால் அவள் மறுக்கமாட்டாள். தலையைக் குனிந்து, அதைக் கேட்டுக்கொள்ளத் தயாரானவள்போல்தான் நின்றாள்.

ஆனால் ஜாக்கெட்டின் ஜிப் கழுத்துவரை இழுத்துப் பூட்டியிருந்தது. பூட்ஸ் நாடா இரட்டை முடிச்சு. விட நினைத்தவள் இப்படி உடுத்திக்கொண்டு வரமாட்டாள்.

சொல்லை விழுங்கினான்.

துணியை உதறி, துடைக்காமல் இருந்த ஒரே இடத்தைத் துடைத்தான். பின் இருக்கை. ஆறு வருடத்தில் ஒருவரும் அமராததால் தையல் நூல்கூட நிறம் மாறவில்லை.

கிளறிற்றா படியிறங்கி வந்தாள். சாவியைத் திறப்புத் துவாரத்தில் போட்டாள். திருப்பவில்லை. சாவியை அப்படியே விட்டுவிட்டு, கையிலிருந்த ஹெல்மெட்டை அவனிடம் நீட்டினாள்.

அவளுடைய ஹெல்மெட் அவளுக்குப் பின்னால், படியில் இருந்தது.

இது வேறு. கறுப்பு, பெரிய அளவு. கண்ணாடியில் ஒட்டியிருந்த பாதுகாப்புத் தாள் இன்னும் உரிக்கப்படவில்லை. அதன் ஓரங்கள் பழுப்பேறியிருந்தன.

"கேட்கக்கூடாதெண்டு தெரியும்" என்றாள். "பின்னால ஏறுங்கோவன்."