மூடுபனியில் ஒரு தாண்டல்

போன வருடம் குதிரை தாண்டும்போது கீழே விழுந்ததிலிருந்து, தடுப்புக் கட்டையை நெருங்கும்போதெல்லாம் பியூலாவின் கை அவளை அறியாமலே கடிவாளத்தை இழுத்துவிடும். அவள் குதிரை சாம்பல் நின்றுவிடும். தாண்டாத குதிரை என்று சொல்லி அதை விற்க ஏற்பாடாகிவிட்டது.

“தப்பு அது மேல இல்லீங்க, என் கையிலதான்” என்றாள் கணவன் ஜெபராஜிடம்.

“அப்ப கடிவாளத்த அதுகிட்டயே விட்டுடேன்” என்றான் அவன், கட்டையை உயர்த்தி வைத்தபடி.

அவள் குதிரையைத் திருப்பி விரட்டி வரும்போது மலையிலிருந்து மூடுபனி இறங்கி மைதானத்தை மறைத்தது. கட்டை தெரியவில்லை. சாம்பலின் காதுகள் மட்டும் முன்னால் மிதந்தன. நிறுத்திவிடலாமா என்று நினைத்தபோது அந்தக் காதுகள் எதையோ கண்டு நிமிர்ந்தன. அவள் கெண்டைக்கால்களால் அதன் விலாவை அணைத்தாள். சேணத்திலிருந்து லேசாக எழுந்து, கைகளை அதன் பிடரியை ஒட்டி முன்னே நீட்டினாள். கடிவாளம் தளர்ந்தது. அவளுக்குக் கீழே ஒரு பெரிய மூச்சு திரண்டு எழுந்தது. குளம்போசை நின்றுபோனது. எங்கும் வெண்மை. அதற்குள் அவள் தன் பயத்தைத் தேடினாள். அது அங்கே இல்லை.

“பியூலா! கட்டை விழுந்த சத்தமே கேக்கல. தாண்டிட்டியா, நின்னுட்டியா?” என்று பனிக்குள்ளிருந்து ஜெபராஜ் கத்தினான்.

பதில் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். குளம்புகள் இன்னும் தரையைத் தொட்டிருக்கவில்லை.