மூன்றை அழுத்தினால் மேலாளர்

மேசைப் போனின் சின்னத் திரையில் 'மேலாளர்' என்ற எழுத்து மின்னியது.

அவன் எழுந்து நின்றான்.

உட்கார்ந்த வாக்கில் அவனுக்கு மேலாளர் குரல் வராது. அது அடிவயிற்றிலிருந்து எடுக்க வேண்டிய குரல்.

ஒன்றை அழுத்தினால் விற்பனை. இரண்டு, பழுது. மூன்று, மேலாளர். நான்காவதாகக் கணக்குப் பிரிவு ஒன்றும் உண்டு. அதை இதுவரை யாரும் அழுத்தியதில்லை. அழுத்தினால் எந்தக் குரலில் பேசுவது என்று அவனும் முடிவு செய்திருக்கவில்லை.

நாலும் வந்து விழுவது இந்த ஒரே போனில்.

கடைகளுக்கு இன்டர்நெட் வழியாகப் போன் வசதி செய்து கொடுக்கிற கம்பெனி. ஆள்பலம் என்று பார்த்தால் அவன். அப்புறம், தலைக்கு மேல் ஒரு மின்விசிறி.

வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிச்சம், தேனி பேச்சியம்மாள். கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர். இவரும் போனால், வாசலில் மாட்டிய பலகையைக் கழற்றிவிட்டு மச்சானின் டைல்ஸ் கடையில் போய் நிற்க வேண்டியதுதான்.

அந்த மிச்சம்தான் இப்போது மூன்றை அழுத்தியிருக்கிறது.

ஒன்றை அழுத்தியிருந்தால் பரவாயில்லை. அங்கே அவன் தம்பி, அவர் அக்கா. மூன்றில் சாரும் மேடமும்தான்.

"வணக்கம் மேடம்" என்றார் மேலாளர்.

"சார், நேத்து எப்பேர்ப்பட்ட முகூர்த்தம்னு தெரியுமா உங்களுக்கு?"

மேலாளருக்குத் தெரியாது. அவனுக்குக் காலையிலிருந்து தெரியும். கடைக்கு வெள்ளிக்கிழமை லீவு என்று பேச்சியம்மாள் சொல்லியிருந்தது அடுத்த வெள்ளி. அவன் குறித்து வைத்தது நேற்றைய வெள்ளி.

"மண்டபத்துக்கு சாம்பார் அண்டா போய்ச் சேரல. சமையல்காரரு கடைக்குப் போன் மேல போன் போடுறாரு. 'இன்று எங்களுக்கு விடுமுறை'ங்கிறா போனுக்குள்ள இருக்கிற உங்க பொம்பள. நாங்க அத்தன பேரும் கடையிலதான் இருக்கோம். ஒரு மணி அடிக்கல."

"அப்புறம் மேடம்?"

"அப்புறம் என்ன? பாயச அண்டாவக் காலி பண்ணி, அதுலயே சாம்பார வச்சுட்டாங்க. இனிச்சுக் கெடந்துச்சாம். நீங்க பெங்களூர்ப் பக்கமான்னு மாப்ள வீட்ல கேட்டாங்களாம் சார்!"

அவனுக்குச் சிரிப்பு முட்டியது. மேலாளர் சிரிக்கிற பழக்கம் இல்லாதவர்.

"இந்தத் தப்பப் பண்ணுன ஆள இன்னைக்கே வேலைய விட்டு அனுப்பிடுறேன் மேடம்."

சொன்னதும் ஒரு நிம்மதி. பெரிய கம்பெனிக்காரர்கள் ஏன் அத்தனை பேரை வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள் என்பது அவனுக்கு விளங்கியது.

நிம்மதி ஏற ஏற வாயும் நீண்டது.

"எங்களுக்கும் அவன் பெரிய தலைவலி. மறதி. சோம்பேறித்தனம். எதத் தொட்டாலும் பாதியில விட்டுருவான்."

கடைசியில் சொன்னது மேலாளர் பேச்சில் இல்லாதது. தானாக வந்துவிட்டது.

மறுமுனையில் தூரத்தில் யாரோ பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது.

"யார, அந்தத் தம்பியவா?"

"ஆமா மேடம்."

"நல்லாருக்கே கத! கொட்டுற மழையில பஸ் ஏறி வந்து, ஏணி மேல நின்னு வயர் இழுத்துச்சு சார் அந்தப் புள்ள. போன எப்படி மாத்திவிடுறதுன்னு எங்க பொம்பளைங்க திரும்பத் திரும்பக் கேட்டாளுங்க. மொகங்கோணாமச் சொல்லிக் குடுத்துச்சு. நீங்க ஒரு நாளாவது இந்தப் பக்கம் எட்டிப் பாத்திருக்கீங்களா?"

மேலாளர் எட்டிப் பார்த்ததில்லை.

"இல்ல மேடம்."

"அப்ப அதப் பத்திப் பேசாதீங்க."

அவன் காதோடு போனை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"கனெக்‌ஷன எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். இப்பச் சொல்றேன், கேட்டுக்கங்க. அந்தத் தம்பி அங்க இருக்கிற வரைக்கும் இது எங்க கடையில இருக்கும். அத நிப்பாட்டுனீங்க, இதையும் நிப்பாட்டிருவேன்."

அவன் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தான்.

"சரிங்க மேடம்." மேலாளரின் குரல் பாதியாக இளைத்திருந்தது.

"லைன அதுகிட்டக் குடுங்க. நாலு வார்த்த பேசணும்."

அவன் மாற்றிவிடும் பொத்தானை அழுத்தினான்.

அங்கே அவருக்குக் காத்திருப்பு வயலின் கேட்கும். இங்கே திரையில் 'விற்பனை' மின்னியது. எடுத்து 'சொல்லுங்கக்கா' என்றால் போதும். அவனுக்குச் சுலபமாக வருவது அந்தக் குரல்தான்.

வாயைத் திறந்து பார்த்தான். அந்தக் குரல் வரவில்லை.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆள் எடுக்காத அழைப்பு, அவனே அமைத்து வைத்திருந்த முறைப்படி, மேலாளரிடமே திரும்பி வந்தது.

"எடுக்கலையே சார்?"

"சாப்பிடப் போயிருக்கார், மேடம்."

"சரி, நிம்மதியாச் சாப்பிடட்டும். அடுத்த முகூர்த்தத்துக்குள்ள நேர்ல வந்து சரி பண்ணிக் குடுக்கச் சொல்லுங்க."

"சொல்றேன்."

"நீங்க சாப்பிட்டாச்சா?"

"இன்னும் இல்ல."

பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

"அப்ப நீங்களும் கூடப் போய் உக்காருங்க. அதத் திட்டாம, சண்ட போடாமச் சாப்பிடணும். என்ன தம்பி?"

"சரிக்கா" என்றார் மேலாளர்.