கையைக் கொடுக்காத மாமனார்

மருமகளின் கையைப் பிடித்து மாமனார் கல்யாணத்தில் முதல் ஆட்டம் ஆடுவது கிரேக்க நாட்டின் அந்த எபிரஸ் மலையூரின் வழக்கம். ஆனால் மாமனார் ஸ்டெர்யோஸ் கையைக் கொடுக்காமல் ஒரு கருவியை நீட்டினார். இரண்டு முனையிலும் கைப்பிடி, நடுவே சுழலும் இரும்பு மூட்டு.

"இதைப் பிடிச்சுக்கம்மா. எவ்வளவு சுத்தினாலும் முறுக்கிக்காது."

"கிளாரினெட் ஊதறவன் பொண்ணைத் தொட்டா பெரிய வீட்டு மானம் போயிடுமாம்!" என்று கூட்டத்தில் ஒருத்தி சிரித்தாள்.

கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்த தன் அப்பா தலைகுனிவதை மணப்பெண் பொலிக்சேனி பார்த்தாள். முகம் எரிந்தது.

"ஏன் மாமா, என் கை அழுக்கா?"

"பேசாம ஆடு" என்றார் அவர், விறைப்பாக.

ஆடுகிறேன்; ஊர் பார்க்க உம் பிடியைப் பிடுங்கித் தரையில் போடுகிறேன் என்று அவள் முடிவு செய்தாள்.

"அப்பா, வேகமா ஊதுங்க!"

பம்பரமாகச் சுழன்றாள். ஒவ்வொரு சுற்றிலும் பலம்கொண்ட மட்டும் இழுத்தாள். கிழவர் தள்ளாடினார், பிடி மட்டும் நழுவவில்லை.

கடைசி இழுப்பில் அவருடைய நீளமான சட்டைக்கை மேலேறியது. வலக்கை விரல்கள் எதையும் பிடித்திருக்கவில்லை, துவண்டு தொங்கின. கைப்பிடியை மணிக்கட்டோடு தோல்வாரால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

"வாதம் வந்து விழுந்துபோச்சு. ஊருக்குத் தெரியாது" என்றார் அவளுக்கு மட்டும் கேட்க. "வீட்டுக்கு வர்ற மருமகளுக்கு இடக்கையையா கொடுப்பேன்? நிறுத்தாதே, சுத்து."

பொலிக்சேனி சட்டைக்கையைக் கீழே இழுத்து வாரை மறைத்தாள். சிரித்தவளின் எதிரே போய் நின்று உரக்கச் சொன்னாள்:

"பார்த்தியா? எங்க மாமா பிடி உடும்புப்பிடி!"