மீன் வாளி

இந்த நாற்றக் கையோடு அப்பா முன்னால் எப்படிப் போய் நிற்பது என்று நினைத்தபோதே தாட்சாயினிக்குக் குமட்டியது. டால்பின் குளத்துக்குக் கொண்டுபோகிற வாளி நிறையச் செத்த மத்தி மீன். உருகிய ஐஸ் தண்ணீரும் மீன் ரத்தமும் கலந்து அவள் முழங்கை வரை வழிந்துகொண்டிருந்தது.

"இன்னிக்கு மட்டும் என்னை டிக்கெட் கவுண்டர்ல விடுங்கண்ணே. அப்பாவோட திதி. கவிச்சி தொடக்கூடாது," என்று காலையிலேயே சூப்பர்வைசர் தனேஷிடம் கெஞ்சிப் பார்த்திருந்தாள்.

"ரெண்டு பேரு எம்சி போட்டு லீவு லா. டூரிஸ்ட் கப்பல் வேற வந்து நிக்குது. பதினோரு மணிக்கு உன்னை விட்டுடறேன், போ," என்று வாளியைக் கையில் திணித்துவிட்டார் அவர்.

அவளுக்கு மூன்று வயதில் கடலுக்கு மீன் பிடிக்கப் போனவர் அப்பா. படகு மட்டும்தான் கரை ஒதுங்கியது. போன நாளையே திதி நாளாக வைத்துக்கொண்டு பத்தொன்பது வருஷமாக அம்மா படைக்கிறாள். இன்று காலை படத்துக்குச் சந்தனம் வைத்துவிட்டு, எப்போதும்போல படத்தில் அப்பாவின் வலது காதை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் தாட்சாயினி வேலைக்குக் கிளம்பினாள். சின்ன வயதில் நாய் கடித்து மேல்பாதி போன காது அது.

பன்னிரண்டரைக்குள் ஃபெர்ரி பிடித்து அக்கரைக்குப் போய், பாகான் டாலாம் வீட்டில் இருக்க வேண்டும். ஒரே பிள்ளை என்பதால் காக்கைக்குச் சோறு அவள் கையால்தான். அதுவரை அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள்.

ஆனால் கடைசிக் குடும்பம் குளத்தை விட்டு நகர்கிற வழியாக இல்லை. அம்மாக்காரி, எட்டு வயதில் ஒரு மகள், அப்புறம் ஒரு மனிதர். கறுப்புக் கண்ணாடி, காதை மூடிக் கழுத்து வரை தொங்கும் துணித் தொப்பி.

"நாங்க ஆஸ்திரேலியா, பெர்த்லேர்ந்து வர்றோம். பினாங்குல எறங்கவே மாட்டேன்னு இவரு ஒரே அடம். மக மிதுஷா அழுதாள்னுதான் கேபினை விட்டே வெளிய வந்தாரு," என்றாள் அந்த அம்மாள், ஏதோ ஊருக்கே உபகாரம் செய்துவிட்ட மாதிரி.

தாட்சாயினி வாளியை நீட்டினாள். அவள் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்த அந்த மனிதர், தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேலைக்காரப் பெண்ணிடம் பேசினால் வாய் தேய்ந்துவிடும்போல.

அதோடு விட்டாரா? மீனை இரண்டு விரலால் தூக்கித் தண்ணீரில் எறிந்துவிட்டு, அவள் முகம் துடைக்க வைத்திருந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்ததை அப்படியே ஈரத் தரையில் போட்டார். சீ என்று ஆகிவிட்டது அவளுக்கு.

அந்தக் கிழட்டு டால்பினைப் பார்க்கவும் சகிக்கவில்லை. அதன் வாயிலிருந்து அழுகல் வாடை அடித்தது. ஒரு மத்திக்காக அது திரும்பத் திரும்பக் கன்னத்தை நீட்ட, அந்தப் பிள்ளை மிட்டாய் எச்சிலோடு முத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

மணி பதினொன்று இருபது.

"அக்கா, முடிச்சுக்கலாமா? நான் வீட்டுக்குப் போகணும்."

"காசு கட்டித்தானே வந்திருக்கோம்? ஒரு ஃபேமிலி போட்டோ எடு, அப்புறம் போறோம்."

தாட்சாயினி பல்லைக் கடித்துக்கொண்டு கேமராவை எடுத்தாள். "சார், தொப்பி, கண்ணாடி ரெண்டையும் கழட்டணும். டால்பின் பிடுங்கிடும்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார், முடியாது என்று.

"அட, என்னங்க நீங்க!" அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே கண்ணாடியையும் தொப்பியையும் தானே பிடுங்கினாள். அவர் கை சட்டென்று தலைக்குப் போவதற்குள் தாட்சாயினி அழுத்திவிட்டாள்.

யாராவது கண் மூடியிருக்கிறார்களா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது அவள் வழக்கம். மகளைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். மூன்றாவது முகத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

வலது காதில் மேல்பாதி இல்லை.

நிமிர்ந்து பார்த்தாள். தலை நரைத்திருந்தது, கன்னம் ஊதியிருந்தது. நெற்றி மட்டும் காலையில் அவள் சந்தனம் வைத்த அதே நெற்றி. தன் பெயரைப் படித்ததும் தொப்பியை இழுத்துக்கொண்டாரே, அது இப்போதுதான் உறைத்தது. அவர் அதற்குள் மகளைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வாசலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.

கால்சட்டைப் பையில் போன் அடித்தது. அம்மா.

"எங்கடி இருக்க? ஃபெர்ரி ஏறிட்டியா? இலை போட்டாச்சு, காக்கா வேற சுவத்துமேல வந்து ஒக்காந்திருக்கு. இங்க பாரு, மீன் தொட்ட கையோட அப்பா முன்னாடி வந்து நிக்காத. குளிச்சிட்டுத்தான் நிக்கணும்."

தாட்சாயினி வாளியைத் தரையில் வைத்தாள்.

"மீன் கையோடயே நின்னுட்டேம்மா. காக்காவுக்குச் சோறு வேண்டாம்."