சென்னைப் படங்கள்

“பிளாட்டு போடுறவுக திராட்சைத் தோட்டத்தையே சுத்துறாக. விட்டுட்டு எப்படி வர்றது?” என்றாள் பாக்கியம்.

“நான் காவலுக்கு இருக்கேன். மகனோட போய் மெட்ராஸைப் பாத்துட்டு வா” என்று கணவர் பங்கிராஸ்தான் காரில் ஏற்றிவிட்டார்.

மெரினா, கலங்கரை விளக்கம், சாந்தோம் கோயில் என்று போன இடமெல்லாம் மகன் சாலமன் அவளைப் படம் எடுத்தான்.

“உங்கப்பாவுக்கு அனுப்புய்யா. பாவம், தனியா கெடக்காக.”

“உடனுக்குடன் அனுப்புறேம்மா.”

மூன்றாம் நாள் அவன் போனை வைத்துவிட்டு டீ வாங்கப் போனபோது, கணவரின் பதிலைப் பார்க்க ஆசையாக அதைத் திறந்தாள்.

மெரினாவில் அவள் சிரித்த படத்துக்குக் கீழே, பாதி வெட்டிய திராட்சைப் பந்தல். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, வெறும் நிலம். சாந்தோமுக்குக் கீழே, வரிசையாக மனைக்கற்கள்.

கடைசியாக, “இன்னும் வேலை முடியல. கூட ஒரு நாள் அங்கனயே சுத்திக் காட்டு.”

சாலமன் டீயை நீட்டினான். “அம்மா, அடுத்து வண்டலூர் போவமா?”