ஷெரிஃபின் மூன்றாவது மனைவி

இப்போதெல்லாம் லர்லீன் வாயைத் திறந்தாலே தப்புதான். அதையும் அடித்துப் பேசுவாள்.

"கார்ல உக்காந்தே படம் பார்ப்போமே, அந்தத் திறந்தவெளி தியேட்டர், அது பாப்டிஸ்ட் சர்ச்சுக்குப் பின்னாடிதானே இருந்துச்சு?"

அலபாமாவின் அந்தச் சின்ன ஊரில் சர்ச்சுப் பெயரை மாற்றிச் சொல்வதைவிடப் பெரிய குழப்பம் இருக்க முடியாது. பார்லர்காரி நதீனின் கத்தரிக்கோல் அப்படியே நின்றுவிட்டது.

"மெ... மெதடிஸ்ட்!" என்றாள் எர்லீன். தலை முழுக்க ரோலர் சுற்றியிருந்தது. "சினிமாவே பாவம்ங்கிற... பாப்டிஸ்ட்காரங்க... தியேட்டரைப் பக்கத்துல... வர விட்ருப்பாங்களா?"

"விட்ருக்க மாட்டாங்க. ஆனா புதருக்குள்ள நின்னு பார்த்திருப்பாங்க" என்றாள் நதீன். பார்லரே சிரித்தது.

ட்வைலா மட்டும் சிரிக்கவில்லை.

லர்லீன், எர்லீன், ட்வைலா மூன்று பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். வியாழக்கிழமை தவறாமல் நதீனின் பார்லரில் கூடிவிடுவார்கள். தலைமுடி ஒரு சாக்கு, அரட்டைதான் விஷயம். ஜனவரியில் எர்லீனுக்குப் பக்கவாதம் வந்து, வாய் ஒரு பக்கமாகக் கோணிவிட்டது. ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்துக்கொண்டுதான் வர வேண்டும்.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் பழைய மாணவர் விழா. படித்து முடித்து ஐம்பது வருஷம். அதில் ஒரு வினாடி வினா: பழைய பாட்டு, பழைய சீரியல், ஊர்க் கதை. அணிக்கு மூன்று பேர். பரிசு, புகை போட்ட முழுப் பன்றித்தொடை ஒன்று. போன தடவை ஜெயித்த வாண்டா ஃபே அதைப் பற்றிப் பேசாமல் இதுவரை ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட சர்ச்சிலிருந்து கிளம்பியதில்லை.

ட்வைலா தாளைப் பிரித்தாள். "சரி, ஒத்திகை பார்ப்போம். மதியம் ஒரு மணி சீரியல். ஷெரிஃபோட மூணாவது பொண்டாட்டி எப்படிச் செத்தா?"

"பாம்பு கடிச்சு!" லர்லீன் முந்திக்கொண்டாள்.

"கிணறு" என்றாள் எர்லீன். கழுத்து நரம்பு புடைத்தது. "கிணத்துல... விழுந்தா. பாம்பு கடிச்சது... அவ தங்கச்சியை. நீ பார்த்தது... டிவியையா, சுவத்தையா?"

"எனக்கென்னமோ பாம்புன்னுதான் ஞாபகம்."

"கி...ண...று!"

பத்துக் கேள்வி. ஒன்பதுக்கு லர்லீன் முந்திக்கொண்டு தப்பாகச் சொன்னாள். ஒன்பதையும் எர்லீன் மூச்சு வாங்கத் திருத்தினாள். கடைசியில் எர்லீனின் நெற்றியெல்லாம் வியர்வை. நதீன் துண்டை எடுத்துத் துடைத்துவிட்டாள்.

ட்வைலாவுக்குப் பொறுக்கவில்லை. "லர்லீன், கொஞ்சம் வெளியே வா."

கார் நிறுத்துமிடத்தில் வெயில் கொளுத்தியது.

"உன்னைக் கர்த்தர் ஆசீர்வதிக்கட்டும்" என்று ஆரம்பித்தாள் ட்வைலா. அந்த ஊரில் அப்படி ஆரம்பித்தால் பின்னால் வருவது திட்டுதான். "உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? அவ ஒரு வார்த்தை பேசறதுக்கு எவ்வளவு கஷ்டப்படுறா? நீ உளறி உளறி அவ உயிரை எடுக்குற!"

லர்லீன் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"வயசானா மறதி வரும். தப்பில்லை. ஆனா தெரியலைன்னா சும்மா இருக்கணும்டி. சனிக்கிழமை நீ வர வேண்டாம். உன் இடத்துல நம்ம வகுப்பு டார்லாவைக் கூப்பிடப் போறேன்."

லர்லீனின் முகம் வாடிவிட்டது. "சரி" என்றாள். "ஆனா எர்லீனை அணியிலேருந்து எடுத்துடாதே. அவளை மேடையில உக்கார வை."

"அவளை எதுக்கு எடுக்கப் போறேன்? அவளுக்குத்தான் எல்லாம் தெரியுதே! இருபது வருஷம் நாம மூணு பேரும் சேர்ந்து பார்த்த சீரியல். நாலாவது பொண்டாட்டி சிவப்புக் காரை ஆத்துல விட்டாளே, அதையாவது ஞாபகம் வச்சிருக்கியா நீ?"

"நீலக் கார்."

"என்னது?"

"நீலக் கார்டி. விட்டது நாலாவது இல்ல, அஞ்சாவது. ஈஸ்டருக்கு முந்தின புதன்கிழமை வந்துச்சு. மஞ்சள் கவுன் போட்டிருந்தா, கழுத்துப் பட்டன் அறுந்திருந்துச்சு. என் வீட்லதான் பார்த்தோம். நீ அழுத அழுகையில அடுப்புல இருந்த பீச் பழப் பலகாரத்தைக் கருக விட்டுட்டோம்."

சொல்லிவிட்டு லர்லீன் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ட்வைலா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"அப்போ கிணறு?"

"தெரியும்."

"மெதடிஸ்ட் சர்ச்சு?"

"என் கல்யாணமே அங்கதானேடி நடந்துச்சு!"

"அப்புறம் ஏன்டி உள்ளே அப்படி..."

லர்லீன் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தாள். எர்லீன் விரலை ஆட்டி ஆட்டி நதீனிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கஷ்டப்பட்டாலும் விடாதீங்க, பேச வைங்கன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. தினமும் போய் எப்படி இருக்கேன்னு கேட்பேன். தலையை மட்டும் ஆட்டுவா. என்ன வேணும்னு கேட்பேன். அதுக்கும் தலைதான். ஒரு மாசம் அப்படியே போச்சு. அப்புறம் ஒரு நாள் நெஜமாவே எதையோ தப்பாச் சொல்லிட்டேன், ட்வைலா... அன்னிக்குத்தான் அவ வாயிலேருந்து முதல் வார்த்தை வந்துச்சு."