மாமூத் தந்தத்தில் கதவுப் பிடி

"அந்தக் கையை எடுத்துக் கட்டிலுக்கு அடியிலே தள்ளுடா, சீக்கிரம்!"

"எந்தக் கைடா? இங்கே மூணு கை கிடக்கு," என்றான் அறைத் தோழன் பாலச்சந்திரன்.

"மூணையும்தான்!"

பயப்பட வேண்டாம், எல்லாம் களிமண். ஜெர்மனியில் ஆஹென் நகரத்தில் இன்ஜினியரிங் படிக்கிற சந்திரமௌலி, சனிக்கிழமைகளில் ஒரு துப்பாக்கிப் பட்டறையில் வேலை பார்த்தான். வாடிக்கையாளர் ஒரு களிமண் உருண்டையை இறுக்கிப் பிடித்துவிட்டுப் போவார். அந்த விரல் பள்ளங்களுக்குத் தகுந்தபடி அவருடைய கைத்துப்பாக்கிக்குப் பிடி செதுக்குவது அவன் வேலை. அந்த உருண்டைக்குத்தான் பட்டறையில் 'கை' என்று பெயர். பிடி மரத்திலா? அதெல்லாம் சாதாரண ஆசாமிகளுக்கு. இவன் செதுக்குவது சைபீரியப் பனிக்குள் பத்தாயிரம் வருஷமாகப் புதைந்து கிடந்த மாமூத் என்கிற ஆதிகால யானையின் தந்தத்தில்!

தொழில் என்னவோ ஓஹோதான். கல்யாண விஷயத்தில்தான் அடி. 'துப்பாக்கி' என்று காதில் விழுந்ததுமே மூன்று பெண் வீட்டார் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாலாவதாக வந்தது சியாமளாவின் ஜாதகம், கூடவே ஒரு போட்டோ. அந்த முகத்தைப் பார்த்த நாளிலிருந்து சந்திரமௌலிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கட்டினால் இவளைத்தான் என்று தீர்மானமே பண்ணிவிட்டான். 'பெண் வீடு பரம ஆசாரம். எறும்பைக்கூட மிதிக்க மாட்டார்கள். வாயை அடக்கிக்கொண்டு நட' என்று அப்பா கடிதம் எழுதியிருந்தார்.

இன்றைக்கு சியாமளாவின் தாய்மாமா சேஷாத்ரி வருகிறார். மெஷின் வாங்க ஹானோவர் கண்காட்சிக்கு வந்த மனிதர், பையனையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று ரயிலேறிவிட்டார்.

பாலச்சந்திரன் கட்டிலடியிலிருந்து நிமிர்வதற்குள் அழைப்பு மணி அடித்தது. மெருகேற்றுவதற்காகக் கொண்டுவந்த இரண்டு தந்தப் பிடிகள் மேஜை மேலேயே கிடந்தன. போச்சு!

சேஷாத்ரி கோட்டைக் கழற்றினார். காபியை வாங்கிக்கொண்டார். நேரே மேஜைக்குத்தான் போனார்.

"இது என்ன, மிஸ்டர் சந்திரமௌலி?"

"க... கதவுப் பிடி, மாமா."

"விரல் விரலாப் பள்ளம் இருக்கே?"

"ஜெர்மன் கதவெல்லாம் பயங்கர வெயிட் சார்," என்று பாலச்சந்திரன் முட்டுக் கொடுத்தான். "கிரிப் இல்லாட்டி திறக்கவே முடியாது."

சேஷாத்ரி அதை உள்ளங்கையில் வைத்துப் பொத்தினார். கையை நீட்டினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதிர்வீட்டுப் புகைபோக்கியைக் குறி பார்த்தார். சந்திரமௌலி பாலச்சந்திரனைத் திரும்பிப் பார்த்தான். மனுஷன் மோப்பம் பிடித்துவிட்டாரே!

"தந்தமா?"

"மாமூத் தந்தம், மாமா. யாரும் கொல்லலே. பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே தானாச் செத்துப்போச்சு. ஒரு ஜீவனுக்கும் ஹிம்சை கிடையாது."

"இவ்வளவு ஒசத்தியான தந்தத்துலயா கதவுக்குப் பிடி போடுவா?"

"பணக்காரக் கதவு, மாமா!"

சேஷாத்ரியின் முகம் லேசாக வாடியது. இரண்டாவதை எடுத்தார். "அப்போ இது?"

"அது இஸ்திரிப் பெட்டிக்கு."

முகம் இன்னும் கொஞ்சம் வாடியது. கீழே வைக்க மனசில்லாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் ஒண்ணு கேட்கறேன், ஒளிக்காம சொல்லணும். துப்பாக்கி கிப்பாக்கி சமாசாரத்துல உங்களுக்கு ஏதாவது சம்பந்தம் உண்டா?"

"சிவ சிவா!" சந்திரமௌலி இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். "தீபாவளிக்குக் கேப் துப்பாக்கிகூடத் தொட்டதில்லே, மாமா!"

"சினிமாவுல சுடுற சீன் வந்தாலே கண்ணை இறுக்கி மூடிக்குவான் சார். பக்கத்துல உட்கார்ந்து நான்தான் கதை சொல்லணும்," என்றான் பாலச்சந்திரன்.

சேஷாத்ரி நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். அப்பாடா, மனுஷனுக்குச் சந்தேகம் தீர்ந்தது! சந்திரமௌலியின் காதில் நாதஸ்வரமே கேட்டது.

"அப்போ நான் கிளம்பறேன்." அவர் கோட்டை மாட்டிக்கொண்டார். "இந்த இடம் சரிப்படாது. உங்க மேலே தப்பில்லே. எங்களுக்கு வந்த தகவல்தான் தப்பு."

"எ... என்ன தகவல், மாமா?"

சேஷாத்ரி கோட்டுப் பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டினார். புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, நீட்டிய கையில் பிஸ்டலுடன் நின்றுகொண்டிருந்தாள் சியாமளா.

"மூணு வருஷமா ஸ்டேட் சாம்பியன். உங்கப்பா பயந்துடுவாரோன்னு சொல்லாம வச்சிருந்தோம். பிடி கைக்குச் சேரலே, அதனாலேயே பெரிய போட்டியில கோட்டை விடறேன்னு ஒரே அழுகை. டாக்டர், கலெக்டர்னு ஏழு வரனைத் தட்டிட்டா. இங்கேர்ந்து ஊர் திரும்பின கிருஷ்ணமூர்த்தி, 'ஆஹென்ல நம்மவா பையன் ஒருத்தன் துப்பாக்கிக்குப் பிடி செதுக்கறான்'னான். கட்டிண்டா அவரைத்தான்னு ஒத்தைக் கால்ல நின்னா. ஆளை மாத்திச் சொல்லித் தொலைச்சிருக்கான், படுபாவி."

"மாமா! அது நான்தான், மாமா! இது துப்பாக்கிப் பிடிதான்! சத்தியமா துப்பாக்கிப் பிடிதான்!"

சேஷாத்ரி இரக்கத்தோடு அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"பொண்ணு கிடைக்கணுங்கறதுக்காக இப்படியெல்லாம் பொய் சொல்லப்படாது, மிஸ்டர் சந்திரமௌலி. கதவுப் பிடி பண்றதும் கௌரவமான தொழில்தான்."